எட்சலைக் கொன்றது பெற்றோல் அல்ல

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் வாரப் பதிப்பில் வெளிவந்த, போருக்குப் பிந்திய அமெரிக்கப் பெரிய கார்கள் பற்றிய கட்டுரையை ஆவலோடு வாசித்தோம். ஒஸ்ரின், மொறிஸ் தவிர்ந்த பழைய கார்களைப் பற்றித் தமிழில் எழுத ஆள் கிடைப்பதே அரிது என்பதால் முதலில் நன்றி. ஆனால் கட்டுரை தன் முடிவை ஒரே வரியில் அடக்கிவிட்டது: அந்தக் கார்கள் பெற்றோலைக் குடித்தன, பெற்றோல் விலை ஏறியது, ஆகவே அழிந்தன. 1973க்குப் பிறகு நடந்தவற்றில் சிலவற்றுக்கு இது பாதி விளக்கமாகலாம். கைசர், ஹட்சன், பக்கார்ட், எட்சல், டிசோட்டோ ஆகிய கார்ப் பெயர்களோ 1961க்குள்ளேயே அமெரிக்கச் சந்தையை விட்டுப் போய்விட்டன. அக்காலத்தில் அங்கே ஒரு கலன் பெற்றோல் 30 சதமளவில் விற்றது. அந்த விலைக்குப் பயந்து எவரும் காரை வாங்காமல் விடவில்லை.

எரிபொருள் அருமையானால் கார் அழியும் என்ற வாதத்தை யாழ்ப்பாணத்தில் அச்சிடுவதே வேடிக்கை. 1990களில் போரால் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் இங்குள்ள ஒஸ்ரின் ஏ40களும் கேம்பிறிட்ஜ்களும் சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. அமுக்கம் குறைந்த எஞ்சின், கைக்கு எட்டிய பாகங்கள், அதைத் திருத்தத் தெரிந்த ஆட்கள் என்ற மூன்றும் இருந்ததால் அவை பிழைத்தன.

எங்கள் கணிப்பில் அமெரிக்கப் பெரிய கார்களின் தலைவிதியைத் தீர்மானித்தது காரின் வெளிக்கூடான பொடியின் தகட்டை அடிக்கும் அச்சுகளின் செலவு. அந்தச் செலவைக் கூடிய எண்ணிக்கைக் கார்களுக்குப் பங்கிட முடிந்தவர்கள் விற்றார்கள், முடியாதவர்கள் எவ்வளவு நல்ல காரைச் செய்தும் போனார்கள். முகவர் பலம், கட்டுமானத் தரம், சந்தைக்கு வந்த நேரம் ஆகியவை அதற்கடுத்தவை.

ஒரு காரின் கூரை, கதவு, மட்காட், பொனட், டிக்கி மூடி ஒவ்வொன்றுக்கும் தனி உருக்கு அச்சு வேண்டும். ஒரு கதவுக்கே ஒரு அச்சுப் போதாது. முதல் அடியில் தகடு குழிந்து உருப்பெறும், அடுத்ததில் ஓரம் வெட்டுப்படும், பிறகு துளை விழும், பிறகு விளிம்பு மடியும். இந்த அச்சுத் தொகுதியால் 50 ஆயிரம் கதவு அடித்தாலென்ன, 5 இலட்சம் அடித்தாலென்ன, அதைச் செய்யும் செலவு ஒன்றுதான். கணக்குக்காக, புதிய பொடி ஒன்றின் அச்சு வேலைக்கு 2 கோடி டொலர் என்று வைப்போம். அதை ஒரே ஆண்டில் மீட்க வேண்டுமென்றால், 50 ஆயிரம் கார் விற்கும் கொம்பனி ஒவ்வொரு காரிலும் 400 டொலரை ஏற்ற வேண்டும். 10 இலட்சம் விற்பவருக்கு அது 20 டொலர். செவர்லே ஒன்றின் முழு விலையே 2,000 டொலரைச் சுற்றி இருந்த காலம் அது. ஜெனரல் மோட்டோர்ஸ் இந்தச் சுமையை இன்னும் இலகுவாக்கியது. 1959 மொடலில் செவர்லே, பொன்ரியாக், ஓல்ட்ஸ்மொபில், பியூக், கடிலாக் ஐந்துக்கும் அடிப்படைப் பொடிக்கூடு ஒன்றே, முன்கதவுகளின் உள்ளமைப்பும் பொதுவானதே. வெளித்தகடும் முகப்பும் பின்சிறகும்தான் வேறு வேறு.

1945 முதல் 1948 வரை இந்த வேறுபாடு வெளியே தெரியவில்லை. 1942 பெப்ரவரியில் நின்றுபோன பொதுமக்கள் கார் உற்பத்தி மீண்டும் தொடங்கியபோது ஏறத்தாழ எல்லாரும் 1942 மொடலுக்கு முகப்பை மாற்றி விற்றார்கள். வரிசையில் நின்று வாங்க ஆட்கள் இருந்தார்கள். கைசர்-ஃபிரேசர் போன்ற புதிய கொம்பனி, ஃபோர்ட் குண்டுவீச்சு விமானம் கட்டிய வில்லோ றன் தொழிற்சாலையைக் குத்தகைக்கு எடுத்து வந்து உடனே விற்றதும் இதனால்தான். ஜெனரல் மோட்டோர்ஸ், ஃபோர்ட், கிறைஸ்லர் என்ற மூன்று பெரிய கொம்பனிகளும் 1949க்குப் புத்தம்புதிய கார்களோடு வருகின்றன, உற்பத்தியைக் குறைப்போம் என்று ஜோசப் ஃபிரேசர் சொன்னார். ஹென்றி கைசர் கேட்கவில்லை, இரண்டு இலட்சம் கார் கட்டத் திட்டமிட்டார். விற்காமல் மிஞ்சியவற்றுக்கு 1950 மொடல் இலக்கம் குத்தி மீண்டும் சந்தைக்கு விட்டார்கள். 1951இல் டச் டாரின் என்ற வடிவமைப்பாளர் வரைந்த கைசர் அழகான கார், முதல் ஆண்டு நன்றாகவும் போனது. ஆனால் பொனட்டுக்குள் 226 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின்தான். வி வடிவில் எட்டுச் சிலிண்டர் கொண்ட வி-8 எஞ்சின் செய்யக் காசு மிஞ்சவில்லை. 1955இல் அமெரிக்காவில் கைசர் கார் முடிந்து, அதன் அச்சுகள் ஆர்ஜென்ரீனாவுக்குக் கப்பலேறின.

ஹட்சனின் கதை எங்கள் வாதத்துக்கு மிகச் சிறந்த சான்று. உங்கள் கட்டுரையாளர் அதை ஒரு வரியில் கடந்துவிட்டார். 1948இல் வந்த ஹட்சனில் தளம், சசி என்ற அடிச்சட்டத்தின் மேல் உட்காரவில்லை. சசித் தண்டுகளுக்கு இடையே தாழ இறக்கி, பொடியோடு சேர்த்து ஒரே கூடாக ஒட்டவைத்திருந்தார்கள். ஏறுபவர் கதவைத் திறந்து ஒரு படி கீழே கால்வைக்க வேண்டும். புவியீர்ப்பு மையம் தாழ்ந்ததால் வளைவில் அந்தக் காரைப் பிடிக்க எதுவும் இல்லை. 1951இல் 308 கன அங்குலம், 145 குதிரைவலு ஆறு சிலிண்டர் எஞ்சினோடு ஹோர்னெட் வந்தது. வால்வுகள் சிலிண்டர் ஹெட்டில் அல்ல, புளொக்கின் பக்கத்தில் இருக்கும் பழைய முறை எஞ்சின்தான். அதை வைத்தே 1952இல் நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தயத் தொடரின் ஓட்டங்கள் 34இல் 27ஐ ஹட்சன் வென்றது.

வென்றும் விற்பனை ஆண்டுக்காண்டு இறங்கியது. 1950இல் 1 இலட்சத்து 20 ஆயிரத்தைத் தொட்ட கொம்பனி 1953இல் 66 ஆயிரத்தளவில் நின்றது. தனிச்சசி உள்ள காரென்றால் அதே சசியை வைத்துக்கொண்டு மேலே உள்ள பொடியை மூன்று ஆண்டுக்கொருமுறை மாற்றலாம். ஹட்சனில் பொடியே சசி. கூரைக் கோட்டை மாற்றினால் பாரம் தாங்கும் உறுப்புகளையும் மாற்ற வேண்டும், அதற்கான அச்சும் ஒட்டு வேலைக்கான தாங்கிகளும் முழுதாகப் புதிது வேண்டும். ஆகவே 1948இல் எல்லாரையும் திரும்பிப் பார்க்கவைத்த அதே உருவம் 1953 வரை பெரிய மாற்றமின்றி நின்றது. பக்கத்துக் கடையில் ஓல்ட்ஸ்மொபில் இரண்டாவது புதிய உருவத்தையும் மேல்வால்வு வி-8ஐயும் காட்டிக்கொண்டிருந்தது. இருந்த சொற்பக் காசையும் ஹட்சன் பெரிய காருக்குப் போடாமல், ஜெட் என்ற உயர்ந்து ஒடுங்கிய சிறிய காருக்குப் போட்டது. அது செவர்லேயை விட விலை கூட, அளவில் சிறிது. யார் வாங்குவார்? 1954 மே மாதம் ஹட்சன் நாஷோடு சேர்ந்து அமெரிக்கன் மோட்டோர்ஸ் ஆனது, 1957இல் பெயரும் போனது. பெற்றோல் இந்தக் கதைக்குள் எங்கேயும் வரவில்லை.

சிறிய கொம்பனிகளுக்கு இரண்டாவது அடி 1953, 1954இல் விழுந்தது. கொரியப் போர்க்கால உற்பத்திக் கட்டுப்பாடு நீங்கியதும் ஃபோர்ட், செவர்லேயை முந்துவதற்காக முகவர்கள் கேட்காத கார்களையும் அவர்கள் முற்றத்தில் கொண்டுவந்து இறக்கியது. செவர்லேயும் அதையே செய்தது. முகவர்கள் நட்டத்துக்கு விலை குறைத்துத் தள்ளினார்கள். ஃபோர்டும் செவர்லேயும் ஒன்றையொன்று காயப்படுத்தவில்லை. காயம் முழுவதும் ஸ்ருடிபேக்கர், நாஷ், ஹட்சன், பக்கார்ட், கைசர் முகவர்களுக்கே. மாதம் ஏழெட்டுக் கார் விற்கும் முகவரால் வாடிக்கையாளரின் பழைய காருக்கு நல்ல விலை சொல்லி எடுக்க இயலாது. பழைய கார் விலைபோகாது என்ற பேச்சு ஊரில் பரவினால் புதிய காரையும் ஆள் தொடமாட்டான். பின்னாளில் விற்கப் போனால் என்ன விலை போகும் என்று கேட்ட பிறகே வாகனத்துக்கு முற்பணம் கொடுக்கும் எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பக்கார்ட் விடயத்தில் கட்டுரையாளர், "பணக்காரர்களின் சுவை மாறியது" என்று எழுதியுள்ளார். பணக்காரர்களின் சுவை மாறவில்லை, அவர்கள் கடிலாக்குக்குப் போனார்கள். கடிலாக் 1949இல் 331 கன அங்குலம், 160 குதிரைவலு மேல்வால்வு வி-8ஐக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஒரு இலட்சம் கார் என்ற எல்லையைத் தாண்டியது. 1951க்குப் பிறகு தன் மலிவு வரிசையான 61ஐ நிறுத்தியது. பக்கார்ட்டோ 1954 வரை நேர்வரிசை எட்டுச் சிலிண்டரிலேயே நின்றது. அந்த எஞ்சின் சத்தமில்லாமல் ஓடும், ஒன்பது முக்கிய பெயரிங்கோடு வந்தவையும் உண்டு. ஆனால் நீளமான கிராங்கும் நீளமான பொனட்டும் 1950களின் தாழ்ந்த உருவத்துக்குப் பொருந்தவில்லை. அதைவிட, நடுத்தர விலைக் காரிலும் பக்கார்ட் பெயரை ஒட்டி விற்றதால், மேல்விலைக் காரை வாங்கியவர் தன் கணக்காளரின் வாகனத்திலும் அதே பெயரைக் கண்டார்.

கடைசி அடி பொடியிலிருந்து வந்தது. பக்கார்ட்டுக்கு பொடி செய்து கொடுத்தது பிறிக்ஸ் என்ற வெளிக்கொம்பனி. 1953 முடிவில் கிறைஸ்லர் பிறிக்ஸை விலைக்கு வாங்கியது. அதாவது போட்டிக்காரனே பொடி கொடுப்பவனாகிவிட்டான். பக்கார்ட் அவசரமாக கோனர் அவெனியூவில் இருந்த ஒரு சிறிய கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து, பொடி வேலையையும் இறுதிப் பொருத்தலையும் அதற்குள் அடைத்தது. 1955 மொடலில் புதிய வி-8, புதிய டோர்ஷன் பார் (முறுக்கத்தால் பாரம் தாங்கும் கம்பி) சஸ்பென்ஷன், மாற்றியமைத்த ஓட்டோமற்றிக் கியர் ஆகிய மூன்றையும் சேர்த்து இறக்கினார்கள். தொழில் தெரிந்த எவரும் இப்படிச் செய்யமாட்டார். 352 கன அங்குல வி-8இன் ஒயில் பம்போடு, வைப்பருக்கான வெற்றிடப் பம்பையும் ஒரே கூட்டில் சேர்த்திருந்தார்கள். அதன் வழியாகக் காற்று ஒயிலுக்குள் கலந்தது. காற்றுக் கலந்த ஒயில், வால்வைத் தள்ளும் ஹைட்ரோலிக் ரப்பெட்டுக்குப் போனால் அது அமுங்கும், எஞ்சின் தட்டத் தொடங்கும். சத்தமில்லாத எஞ்சினுக்குப் பேர்போன கொம்பனியின் காரில் இது நடந்தது. பின்அச்சுத் தண்டும், ஓட்டோமற்றிக் கியரும் வேறு தொல்லை கொடுத்தன.

சஸ்பென்ஷன் மட்டும் உண்மையில் அருமையான யோசனை. முன்சில்லையும் பின்சில்லையும் நீண்ட டோர்ஷன் பார்களால் இணைத்திருந்தார்கள். பின்னால் பாரம் ஏறினால் ஏறத்தாழ ஏழு விநாடி கழித்து ஒரு மின்மோட்டர் திரும்பிக் காரைச் சமமாக்கும். 1955இல் 55 ஆயிரம் பக்கார்ட் போனது. தரக்குறைவின் செய்தி பரவியதும் 1956இல் 29 ஆயிரத்துக்குள் சுருங்கியது. அந்த யூனில் உண்மையான பக்கார்ட் முடிந்தது. பிறகு இரண்டு ஆண்டு அந்தப் பெயரில் வந்தவை ஸ்ருடிபேக்கர் பொடியில் வேறு முகப்பு வைத்தவை. கணக்குகளைச் சரியாகப் பாராமல் ஸ்ருடிபேக்கரை வாங்கிய தவறும் இதற்குள் அடங்கும்.

கிறைஸ்லருக்கு வருவோம், ஏனெனில் இங்கே உப்புக்காற்றோடு மல்லுக்கட்டும் கராஜ்காரருக்கு இது நன்றாக விளங்கும். கே. டி. கெல்லர் என்ற தலைவர், தொப்பியோடு ஒருவர் நிமிர்ந்து உட்காரக்கூடிய கார்தான் கார் என்று நின்றதால் 1949 முதல் 1954 வரை அவர்களின் கார்கள் பெட்டி போல உயர்ந்திருந்தன. உறுதியான கார்கள்தான். ஆனாலும் விற்பனையில் மூன்றாம் இடத்தில் இருந்த அவர்களின் மலிவுக் கார் பிளிமத் 1954இல் ஐந்தாம் இடத்துக்கு விழுந்தது. வேர்ஜில் எக்ஸ்னர் வரைந்த 1955, 1957 மொடல்கள் அதைத் திருப்பின. 1957 பிளிமத் தாழ்ந்து, அகன்று, பின்சிறகோடு வந்தது. டோர்ஷன் பார் முன்சஸ்பென்ஷன், டோர்க்ஃபிளைற் என்ற மூன்று வேக ஓட்டோமற்றிக் கியர். ஒரே ஆண்டில் 7 இலட்சத்து 26 ஆயிரம் விற்று மூன்றாம் இடத்தைப் பிடித்தது. இதற்கு முந்திய ஆண்டு ஓகஸ்டில், ஜெனரல் மோட்டோர்ஸின் வடிவமைப்பாளர் சக் ஜோர்டன் பிளிமத் தொழிற்சாலைக்கு அருகே போய் வேலிக்கு வெளியே நின்று இந்தக் கார்களைக் கண்டதும், தங்கள் 1959 வரைபடங்களைத் தூக்கிப் போட்டுப் புதிதாக வரையத் தொடங்கினார்கள். உங்கள் கட்டுரை புகழும் 1959 கடிலாக்கின் சிறகு அந்த வேலியோரத்தில்தான் முளைத்தது.

ஆனால் 1958இல் பிளிமத் 4 இலட்சத்து 44 ஆயிரத்துக்கு இறங்கியது. பொருளாதார மந்தம் ஒரு காரணம். மற்றது கார் அவசரத்தில் வந்தது. முன்மட்காட்டின் உட்பகுதி, முகவிளக்குக்கு மேலே, சேறு தங்கும் ஒரு பொந்தாக இருந்தது. சில்லு வீசும் சேற்றைத் தடுக்க உள்மறைப்புச் சரியாக இல்லை. ஈரச்சேறு அங்கே உலராமல் கிடந்து உள்ளிருந்து தகட்டைத் தின்றது. வெளியே பெயின்ற் பொங்கும்போது உள்ளே தகடு ஏற்கனவே போயிருக்கும். கண்ணாடி ஓரத்தாலும் கதவாலும் மழைத்தண்ணீர் உள்ளே வந்தது, இருக்கைத் துணி கிழிந்தது.

டோர்ஷன் பார் முறிந்ததுதான் பேரைக் கெடுத்தது. மொறிஸ் மைனரின் முன்சில்லையும் டோர்ஷன் பார்தான் தாங்குகிறது என்பதால் இந்தக் குறையை இங்கு விளக்குவது எளிது. பார் பெரும்பாலும் நடுவில் முறிவதில்லை. முனை போய்ப் பொருந்தும் இடத்தில் தண்ணீரும் சேறும் தேங்கினால் துரு சிறு குழிகளாக அரிக்கும். முறுக்கு விசை முழுவதும் அந்தக் குழியில் குவியும், ஒருநாள் வெடிப்பு ஓடும். கிறைஸ்லரில் முனை அறுகோண வடிவம், அது பொருந்தும் கூட்டுக்குள் சேறு போகாமல் தடுக்கும் றபர் உறை முதல் ஆண்டில் போதியதாக இல்லை. நிறுத்தி வைத்த காரே ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்த சம்பவங்கள் நடந்தன. மைனர் வைத்திருப்போர் பாரின் பின்முனைப் பிடியைக் கழுவிக் காயவிட்டு கிறீஸ் பூசுவது இதற்காகத்தான். டோர்ஷன் பார் என்ற முறையில் பிழையில்லை. பின்னர் அதையே திருத்தி கிறைஸ்லர் மிக நீண்டகாலம் பயன்படுத்தியது.

இனி ஃபோர்ட் கொண்டுவந்த புதிய பெயரான எட்சல். குதிரை லாடம் போன்ற முகப்புத்தான் அதைக் கெடுத்தது என்று உலகமே சொல்கிறது, கட்டுரையும் சொல்கிறது. 1957 செப்ரெம்பர் 4ஆம் திகதி வெளிவந்த 1958 எட்சல் அமெரிக்காவில் 63 ஆயிரம் விற்றது. அதே 1958 மொடல் ஆண்டில், பல ஆண்டுகள் வேரூன்றிய கிறைஸ்லரின் டிசோட்டோ 50 ஆயிரத்தை எட்டவில்லை. முந்திய ஆண்டில் அது 1 இலட்சத்து 17 ஆயிரம். ஃபோர்டின் நடுத்தர விலைப் பெயரான மேர்க்குரி 2 இலட்சத்து 86 ஆயிரத்திலிருந்து 1 இலட்சத்து 33 ஆயிரத்துக்கு விழுந்தது. நடுத்தர விலைச் சந்தை முழுவதும் சரிந்த ஆண்டில் ஒரு புதிய பெயர் 63 ஆயிரம் விற்றது அவமானமில்லை. ஆண்டுக்கு 2 இலட்சம் விற்றால்தான் கட்டுப்படியாகும் என்று போட்ட கணக்குத்தான் அதைத் தோல்வியாக்கியது.

கணக்கு எங்கே பிழைத்தது? எட்சலுக்கென்று தனி முகவர்களை, ஆயிரத்துக்கு மேல், நாடெங்கும் நியமித்தார்கள். ஆனால் தனித் தொழிற்சாலை கொடுக்கவில்லை. சிறிய எட்சல் ஃபோர்ட் சசியில் 118 அங்குல அச்சிடைத்தூரம் (முன், பின் சில்லுகளுக்கு இடைத்தூரம்), பெரியது மேர்க்குரி சசியில் 124 அங்குலம். ஃபோர்ட், மேர்க்குரி வரிசைகளுக்கு நடுவே எட்சல் வரும்போது தொழிலாளி வேறு பெட்டியிலிருந்து வேறு போல்ட்டையும் வேறு பட்டையையும் எடுக்க வேண்டும். வரிசை வேகம் குறையாது. பாகம் குறைந்த கார்கள் குறிப்புத்தாளோடு முகவரிடம் போய்ச் சேர்ந்தன. விலையோ 2,500 டொலரளவில் தொடங்கி 3,800ஐ நெருங்கியது. கீழ்முனையில் நல்ல ஃபோர்ட்டோடும் மேல்முனையில் மேர்க்குரியோடும் மோதியது. வெளியிட்ட மாதமும் பிழை. செப்ரெம்பரில் மற்ற முகவர்கள் எஞ்சிய 1957 கார்களை விலை வெட்டித் தள்ளிக்கொண்டிருக்க, எட்சல் 1958 விலையைக் கேட்டது.

ஸ்ரியறிங் நடுவில் பொத்தானை அமத்திக் கியர் மாற்றும் ரெலிரச் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹோர்ன் இருக்கும் என்று கை பழகிய இடத்தில் கியர்ப் பொத்தான். கியர்பெட்டியோடு பொருத்திய மின்மோட்டருக்கு, ஏற்றத்தில் நிறுத்திய காரைப் பார்க் நிலையிலிருந்து விடுவிக்க வலு போதாது. வயர்கள் சூட்டில் கெட்டன. முகவரின் மெக்கானிக்குக்கு இது புதிது, உதிரிப்பாகம் கையிருப்பில் இல்லை. 1959 நவம்பரில் ஃபோர்ட் எட்சலை மூடியது. 1960 மொடலில் 3 ஆயிரம் கூட இல்லை.

பியூக்கைப் பற்றிச் சுருக்கமாக: 1955இல் 7 இலட்சத்து 38 ஆயிரம் கட்டி மூன்றாம் இடம். அந்த வேகத்துக்குத் தரம் ஈடுகொடுக்கவில்லை, பாரத்துக்கு பிறேக்கும் ஈடுகொடுக்கவில்லை. 1958இல் முகப்பில் 160 குரோம் சதுரங்களை வைத்தும் 2 இலட்சத்து 40 ஆயிரமளவுதான் போனது.

ஃபோர்டின் மேல்விலைப் பெயரான லிங்கனைக் கட்டுரையாளர் தோல்விப் பட்டியலில் சேர்த்திருப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. 1958 முதல் 1960 வரையான லிங்கன் தோல்வியே. 131 அங்குல அச்சிடைத்தூரம், 227 அங்குலத்துக்கும் கூடிய நீளம், அதையும் தனிச்சசி இல்லாமல் ஒற்றைக் கூடாகச் செய்யப்போய் வலுவூட்டத் தகடு மேல் தகடு வைத்து 5,000 இறாத்தல் எடையாக்கினார்கள். 1961 கொன்ரினென்ரல் வேறு சங்கதி. எல்வூட் எங்கல் வரைந்த இந்தக் கார் 123 அங்குல அச்சிடைத்தூரம், 212 அங்குல நீளம். முந்தியதை விட ஓரடிக்கு மேல் குட்டை. பெரிய காரைச் சிறிதாக்கி, மேல்விலைக் காராகவே விற்றார்கள். பொடி வகைகள் இரண்டே: நான்கு கதவு மூடுகார், நான்கு கதவு திறப்புக்கார். ஒவ்வொரு எஞ்சினையும் மூன்று மணி நேரம் 3,500 சுற்றில் ஓட்டிக் கழற்றிப் பார்த்து மீண்டும் பூட்டினார்கள். ஒவ்வொரு காரையும் 12 மைல் தெருவில் ஓட்டிச் சோதித்தார்கள். 24 மாதம் அல்லது 24 ஆயிரம் மைல் உத்தரவாதம் கொடுத்தார்கள். முதல் ஆண்டில் 25 ஆயிரந்தான், ஆனால் 1966இல் 54 ஆயிரத்தைத் தாண்டியது. உருவத்தை ஆண்டுதோறும் மாற்றாமல் 1969 வரை ஏறத்தாழ அதே கோடுகளை வைத்திருந்ததால் அச்சுச் செலவு மெல்ல மெல்லக் கரைந்தது. ஹட்சனைக் கொன்ற அதே மாறாமை லிங்கனை வாழவைத்தது என்று யாரும் வாதிடலாம். வேறுபாடு என்னவென்றால், லிங்கனுக்குப் பின்னால் ஃபோர்ட்டின் பணப்பெட்டி இருந்தது, மேல்விலைக் காரை வாங்குபவரும் உருவம் மாறாததை மதிப்பாகவே எடுத்துக்கொண்டார். கிறைஸ்லர் தனிப் பெயராக விற்க முயன்ற இம்பீரியலும் நல்ல கார்தான், ஆனால் கிறைஸ்லர் காட்சியறையிலேயே நின்றதால் கடைசிவரை "கிறைஸ்லர் இம்பீரியல்" என்றே அழைக்கப்பட்டது. 1957இன் 37 ஆயிரத்தை அது பிறகு தொடவேயில்லை.

1962இல் கிறைஸ்லர், செவர்லே சுருங்கப்போகிறது என்ற காதுவழிச் செய்தியை நம்பித் தன் பிளிமத்தையும் டொட்ஜையும் சுருக்கியது. சுருங்கியது செவர்லேயின் பெரிய கார் அல்ல, செவி-2 என்ற புதிய சிறிய கார்தான் வரவிருந்தது. விற்பனை விழுந்ததும், கிறைஸ்லர் நியூபோர்ட் பொடியில் 1961 டொட்ஜின் முன்பக்கத்தை வைத்து 880 என்று அவசரமாக ஒன்றைப் பூட்டினார்கள். மாறாக 1965இல் செவர்லே இம்பாலா ஒரே ஆண்டில் 10 இலட்சத்தைத் தாண்டியது. அதே ஆண்டில் ஃபோர்ட் எல்.ரி.டி., பின்னால் கொயில் ஸ்பிரிங்கும் நல்ல துணி இருக்கையும் கொடுத்து, நடுத்தர விலைக் கார்களின் வேலையை மலிவு விலையில் செய்தது. அதன் பிறகு மேர்க்குரியும் டொட்ஜும் என்ன காரணம் சொல்லி விற்பது?

இப்போது பெற்றோலுக்கு வருகிறோம், கட்டுரையாளர் பக்கம் நியாயம் உள்ள இடம் இதுதான். கிறைஸ்லர் தன் புதிய பெரிய கார்களை 1973 செப்ரெம்பரில் வெளியிட்டது, ஒக்ரோபரில் அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தன. அந்த அச்சுக் காசு திரும்பவில்லை. ஆனால் 1976 முதல் 1978 வரை, பெற்றோல் விலை பழைய நிலைக்கு இறங்காமலே, பெரிய கார் விற்பனை மீண்டது. ஜெனரல் மோட்டோர்ஸ் 1977இல் செவர்லேயின் கப்ரிஸையும் இம்பாலாவையும் 10 அங்குலத்துக்கு மேல் குறைத்து, 700 இறாத்தலளவு எடையைக் கழித்தது. கூரையை நிமிர்த்தியதால் தலைக்கு மேல் இடமும் டிக்கிக்குள் இடமும் கூடின. 6 இலட்சத்து 60 ஆயிரம் விற்றது. சுருக்காத ஃபோர்ட்டும் பழைய நீளத்தையே பெருமையாக விளம்பரம் செய்து நன்றாக விற்றது. கிறைஸ்லர் 1979க்குச் சுருக்கியது புதிய கார் அல்ல, பழைய நடுத்தரக் காரின் அடித்தளத்தை நீட்டிய ஒன்று. அது வந்த சில மாதங்களில் ஈரான் புரட்சி. 1981இல் அதுவும் முடிந்தது.

பெற்றோலை மிச்சம்பிடிக்க எடுத்த முயற்சியே விற்பனையைக் கெடுத்ததும் உண்டு. பழைய கேம்பிறிட்ஜுக்கு டீசல் எஞ்சின் ஏற்றுவோர் ஓல்ட்ஸ்மொபில் 5.7 லீற்றர் டீசலின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1978இல் வந்த அந்த எஞ்சின் புளொக் வலுவானது. ஆனால் பெற்றோல் எஞ்சினின் வார்ப்பு இயந்திரங்களையே பயன்படுத்துவதற்காக ஹெட் ஒன்றுக்குப் பத்து போல்ட் என்ற பழைய ஒழுங்கையே வைத்தார்கள். 22.5க்கு 1 என்ற அமுக்கத்தை அந்தப் பத்து போல்ட்டும் தாங்க வேண்டும். போல்ட் இழுபடும், ஹெட் காஸ்கட் ஊதும், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். காஸ்கட் மாற்றுபவர் இழுபட்ட அதே போல்ட்டைத் திரும்பப் பூட்டினால் சில மாதத்தில் மறுபடியும் அதே வேலை. டீசல் லைனில் தண்ணீர் பிரிக்கும் வடி வைக்கவில்லை, ஆகவே பம்பும் துருப்பிடித்தது. 1985இல் கைவிட்டார்கள். அதற்குள் டீசல் கார் என்றாலே அமெரிக்கர் முகத்தைத் திருப்பினார்கள்.

1986இல் பெற்றோல் மலிந்தபோது கடிலாக் எல்டொராடோவைச் சுருக்கிக் கொண்டுவந்தது. முந்திய ஆண்டின் 76 ஆயிரம் 21 ஆயிரமானது. அது அதே கொம்பனியின் மலிவு விலைக் கார் போலத் தெரிந்தது. அந்த நேரம் மேலும் சுருங்காத லிங்கன் ரவுண் கார் ஒரு இலட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. இதையும் பெற்றோலால் விளக்க முடியுமா என்று கட்டுரையாளரிடம் கேட்கிறோம்.

ஒரு திருத்தமும் வேண்டும். "1959 கடிலாக்" என்று போட்ட படம் 1960 மொடல். 1959இன் சிறகு உச்சிக்கு ஏறும், அதன் நடுவில் தோட்டா வடிவ விளக்குகள் இரண்டு பிதுங்கி நிற்கும். படத்திலுள்ள காரில் சிறகு தாழ்ந்து மழுங்கியிருக்கிறது, விளக்கு சிறகின் பின்னோரத்துக்குள் நிமிர்ந்து அடங்கியிருக்கிறது. அடுத்த பகுதி அச்சுக்குப் போகுமுன் படக்குறிப்புகளையும், விற்பனை எண்கள் மொடல் ஆண்டுக்கா நாட்காட்டி ஆண்டுக்கா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பழைய கார் திருத்தும் சிலர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.